நடுக்கோடு வரை ஒரு மூச்சு

குழாய் போய்விட்டது. போயே போய்விட்டது! இத்தனை நாளாகத் தொண்டைக்குள் கேட்காமல் கொள்ளாமல் குடியிருந்த சனியன், ரெஜினா சிஸ்டர் “இருமுங்க டீச்சர், நல்லா இருமுங்க” என்று சொன்ன ஒரே இருமலில் வெளியே வந்து விழுந்துவிட்டது. ஜெபக்கனி டீச்சருக்குக் கையைத் தட்டிக் கும்மாளம் போட வேண்டும் போலிருந்தது. தட்டத்தான் முடியாது. ஒரு கையில் ஊசி, இன்னொரு கையின் விரலைக் கவ்விக்கொண்டு ஒரு கிளிப்பு. கன்னத்தில் பிளாஸ்திரியைப் பிய்த்த இடம் காந்தியது. காந்தட்டும், அது தன் கன்னம். நாக்கு எழுந்து ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தது, எல்லாம் இருக்கிறது, வாய் திரும்பவும் தன் வாயாகிவிட்டது. இனிமேல் பேசலாம். பேசுவதற்கு ஒரு வண்டி விஷயம் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் தர்மராஜ் அடுப்படி ஜன்னலைச் சாத்தினாரா, நாய்க்குச் சோறு வைக்கிறாரா, பள்ளிக்கூடத்தில் கபடிப் பிள்ளைகளை மைதானத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், முதலில் எதைக் கேட்பது என்று வாயைத் திறப்பதற்குள் நீல விளிம்பு வைத்த மாஸ்க் ஒன்று இறங்கி மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிவிட்டது. பின்மண்டையில் வார் இறுகியது. அட, இதைத்தான் டாக்டர் ஃபர்சானா காலையிலேயே சொன்னாள். சின்னப் பெண், ஆனால் சொல்வதைப் புட்டுப் புட்டு வைக்கிறாள். “குழாய எடுத்ததும் ஒங்கள சும்மா விடமாட்டோம் டீச்சர். நேரா மாஸ்க்தான். ஒங்க ஹார்ட்டோட பம்பிங் ரொம்பக் கம்மி. மூச்சு இழுக்கறதே அதுக்குப் பெரிய பாரம். அந்தப் பாரத்துல பாதிய மிஷின் தூக்கிக்கும். நீங்க இழுத்தா அது காத்தத் தள்ளும், நீங்க விட்டா அது விட்டுக்கொடுக்கும். அதோட ஒத்துப் போனீங்கன்னா ரெண்டு நாள்ல ஹார்ட்டு தானா சமாளிச்சுக்கும். ஒத்துப் போகலைன்னா, திரும்பக் குழாய்தான்.” அந்தக் கடைசி வார்த்தைக்கு ஜெபக்கனி கண்ணை உருட்டி முறைத்தாள். திரும்பக் குழாயா? அதையும் பார்த்துவிடலாம்.

காற்று வந்தது. அடேயப்பா, என்ன வேகம்! தர்மராஜின் பழைய புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து கடற்கரை ரோட்டில் போகும்போது முகத்தில் வந்து அறையுமே, அந்தக் காற்று. வாய்க்குள் புகுந்து கன்னத்தை உப்ப வைத்து, நெஞ்சு வரைக்கும் ஒரு தள்ளு தள்ளியது. அவ்வளவுதான், உடம்பு விழித்துக்கொண்டது. கட்டிலில் கிடக்கும் ஐம்பத்தெட்டு வயசு உடம்பு இல்லை, அதற்கு அடியில் கிடந்த வேறொரு உடம்பு. எதிரே காற்று வந்தால் எதிராளி வருகிறாள் என்று அர்த்தம். உள்ளங்கால் குறுகுறுத்தது. சுண்ணாம்புப் பொடி தூவிய கோடு, அந்தப் பக்கம் கைகோர்த்து நிற்கிற ஏழு பேர், இந்தப் பக்கம் தான் ஒருத்தி. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினால் அந்த மூச்சோடுதான் திரும்ப வேண்டும், நடுவில் இன்னொன்று எடுத்தால் அவுட்டு, இதுதானே கபடி? எத்தனை வருஷம் இதையே பெண்பிள்ளைகளுக்குத் தொண்டை வறளக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! சரி, வா. மிஷினாம் மிஷின். கோயில்பட்டிக்காரிகளையே பார்த்தவள் நான். ஜெபக்கனி நெஞ்சை இறுக்கிக்கொண்டாள், தொண்டையைப் பூட்டிக்கொண்டாள், மனசுக்குள் பாட்டைத் தொடங்கினாள். கபடிகபடிகபடிகபடி. மிஷின் தள்ளியது. இவள் எதிர்த்து ஊதினாள். மிஷின் இன்னும் கொஞ்சம் தள்ளியது. ஆகா, நல்ல எதிராளிதான், கையில் பலம் இருக்கிறது. கபடிகபடிகபடி. மாஸ்க்கின் ஓரத்தில் காற்று பீய்ச்சிக்கொண்டு கண்ணுக்குள் அடித்தது. எங்கேயோ விசில் சத்தம் கேட்டது, விடாமல் கேட்டது. கூட்டம் தனக்காகத்தான் கத்துகிறது என்று ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. விசில் இல்லை, தலைமாட்டில் மிஷினின் அலாரம்.

“டீச்சர், மூச்ச அடக்கறீங்க. அடக்காதீங்க. அது தள்ளும்போது நீங்க உள்ள வாங்கிக்கணும், வயித்த இளக்கி விடுங்க.” ரெஜினா சிஸ்டரின் கை வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. குளிர்ந்த, சோப்பு வாசனை அடிக்கிற கை. சரி சிஸ்டர், நீங்கள் சொன்னால் சரி. ஜெபக்கனி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். வாங்கினாள், விட்டாள், வாங்கினாள், விட்டாள். அலாரம் அடங்கியது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நிம்மதியாகக் கண்ணை மூடினாள், அதுதான் தப்பாகப் போயிற்று. மூடின கண்ணுக்குள் மைதானம் இருந்தது. இன்னும் இருட்டவில்லை, வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது, பனைகளின் நிழல் கோட்டின் மேல் நீளமாக விழுந்துகிடக்கிறது. மாவட்ட இறுதி ஆட்டம். கடைசிப் பாடு இவளுடையது, ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. பாடிக்கொண்டே போகிறாள், ஓரத்தில் நிற்பவளைத் தொடுகிறாள், தொட்டேன், தொட்டுவிட்டேன், திரும்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது கோயில்பட்டி மாரீஸ்வரி பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறாள். அவள் பிடித்தால் உடும்புப் பிடி. முகம் மண்ணில் போய் மோதுகிறது. ஊர்ந்து, இழுத்து, கையை நீட்டுகிறாள், கோடு தெரிகிறது, இன்னும் ஒரு சாண், கபடிகபடி, இன்னும் நாலு விரல், கபடி, வாய்க்குள் மண், கபடி, நடுவிரல் நுனியில் சுண்ணாம்பு சில்லென்று படுகிறது. தொட்டேன்! நிமிர்ந்து பார்த்தால், மெலிந்த கறுத்த இளைஞன் ஒருவன், வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், தரையோடு தரையாகக் குனிந்து இவள் வாயருகே காதை வைத்துக்கொண்டிருந்தவன், எழுந்து நின்று, “பாட்டு நின்னுட்டு. அவுட்டு” என்கிறான்.

அந்த நடுவர்தான் தர்மராஜ். அதே தர்மராஜ்தான் அடுத்த வருஷம் அப்பா அம்மாவோடு இவளைப் பெண் பார்க்க வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். காப்பித் தட்டோடு வந்தவள் தட்டைக் கீழே வைக்காமலேயே கேட்டாள், “அன்னைக்குப் பாட்டு நின்னுச்சா?” அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. மனுஷன் கல்யாணம் பண்ண வந்தவன், வாயில் ஒரு இல்லையைப் போட்டுவிட்டுக் காப்பியைக் குடிக்க வேண்டியதுதானே? “நின்னுச்சு” என்றார். நெற்றி வியர்த்துவிட்டது, ஆனாலும் நின்னுச்சு என்றார். பொண்ணு கிடைப்பதற்காகக்கூடப் பொய் சொல்லாதவன் என்று அந்த நிமிஷம் மனசுக்குள் ஏதோ சரிந்து விழ, அதற்காகத்தான் சரி என்றாள். அதற்காகத்தான் ஆயுசு முழுக்கச் சண்டையும். மீன் குழம்பு கொதிக்கும்போது சண்டை, சர்ச்சுக்குப் போகிற வழியில் சண்டை, மகள் பிறந்து தொட்டிலில் கிடந்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டே சண்டை. அந்தக் கூச்சலில் ஒங்களுக்கு எங்க கேட்டிருக்கும்? கேட்டுச்சு. என்ன கேட்டுச்சு? ஒண்ணும் கேக்கல, அதத்தான் சொல்லுதேன். சிரிப்பு வந்தது ஜெபக்கனிக்கு. ஆனால் சிரிப்புக்கு அடியில் எப்போதும் போல அந்த இடம் இடறியது. வாய்க்குள் மண் போனதற்கும் சுண்ணாம்பு விரலில் பட்டதற்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் மூச்சு இருந்ததா? எத்தனையோ தடவை அங்கே போய்ப் பார்த்திருக்கிறாள். மண் இருக்கும், சுண்ணாம்பு இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. இப்போது போய்ப் பார்க்கலாம், இப்போதுதான் எல்லாம் இவ்வளவு பக்கத்தில் தெரிகிறது, கபடிகபடி, இன்னும் ஒரு சாண், கபடி, இன்னும் நாலு விரல், விடாதே, அந்தக் கணத்தைத் தாண்டும் வரை விடாதே.

அலாரம் கூப்பாடு போட்டது. இந்தத் தடவை அது விசில் இல்லை என்று ஜெபக்கனிக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுகிற மாதிரி அந்தப் பழைய திணறல் எட்டிப் பார்த்தது. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஸ்போர்ட்ஸ் டே அன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டு விசிலை வாயில் வைத்தால் ஊத முடியவில்லை, விசில் கெட்டுப்போயிற்று என்று வேறு விசில் வாங்கினாள். சாயங்காலமானால் கால் வீங்கியது, நின்றுகொண்டே இருக்கிற வேலை என்றாள். படுத்தால் மூச்சு முட்டியது, வாயு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்தாள். தலையணையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்துகொண்டே தூங்கினாள், தர்மராஜ் என்னட்டி என்று கேட்டால் உங்கள் குறட்டைதான் காரணம் என்றாள். கடைசியில் ஒரு விடியற்காலையில் வாய் திறந்திருக்கக் காற்று மட்டும் வரவில்லை, ஆம்புலன்ஸ், வெள்ளை வெளிச்சம், அப்புறம் குழாய். ஐயோ அந்தக் குழாய். பேச முடியாது, முழுங்க முடியாது, அழக்கூட சத்தம் வராது. அதைப் பிடுங்கப் போகிறாள் என்று கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கட்டின கையோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கால்மாட்டில் டாக்டர் ஃபர்சானா வந்து நின்றாள். திரையில் இருக்கிற எண்ணைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். “டீச்சர், மிஷின் மேல தப்பில்ல, ஒங்க ஹார்ட்டும் இப்ப பரவாயில்ல. நீங்கதான் அதோட மல்லுக்கட்டறீங்க. இப்பிடியே போனா களைச்சுப் போயிருவீங்க. அப்பறம் எனக்கு வேற வழி இல்ல.” ஜெபக்கனி வேகமாகத் தலையாட்டினாள். புரிகிறது அம்மா, எனக்கா புரியாது? புத்திக்குப் புரிகிறது, நெஞ்சுக்குப் புரிய மாட்டேன் என்கிறது. காற்று வந்து மோதினதுமே அது பாட்டுக்கு மூச்சைப் பூட்டிக்கொண்டு ஆடப் போய்விடுகிறது. வாங்கு என்றால் வாங்குகிறது, அசந்தால் பூட்டிக்கொள்கிறது. டாக்டர் கொஞ்சம் யோசித்தாள். “வெளிய சார் உக்காந்திருக்காங்கல்ல? உள்ள வரச் சொல்லுங்க சிஸ்டர். தெரிஞ்ச முகம் பக்கத்துல இருந்தா பதட்டம் கொறையும்.”

பதட்டமா? எனக்கென்ன பதட்டம், எனக்கு உற்சாகம்தான் தாங்கவில்லை, அதுதான் கோளாறே என்று சொல்ல நினைத்தாள். மாஸ்க் எங்கே சொல்ல விடுகிறது? அதற்குள் கதவு திறந்தது. பச்சை அங்கியைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு, தலையில் காகிதத் தொப்பியோடு ஒரு உருவம். தர்மராஜா இது? எத்தனை மைதானத்தில் விறைப்பாக நின்று தீர்ப்புச் சொன்ன மனுஷன், கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு ஒத்தாசைக்கு வந்தவர் மாதிரி நிற்கிறார். சவரம் பண்ணவில்லை, கண் உள்ளே போயிருக்கிறது, சாப்பிடவும் இல்லை போல. பார்த்ததுமே ஜெபக்கனிக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. மனுஷா, உங்களை விட்டுவிட்டு எங்கே போவேன் நான், போனால் யாரிடம் சண்டை போடுவேன்? அவர் குழாய் இல்லாத முகத்தைப் பார்த்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் காதில் வாங்கினாரோ இல்லையோ, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், பி.டி. மாஸ்டராக இருந்த காலத்தில் மைதானத்தில் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கத்தின அதே குரலில் கத்தினார், “ஏட்டி, நான் வந்துட்டேன்லா! தம் கட்டு! நல்லா தம் கட்டுட்டி!”

கட்டினாள். கேட்க வேண்டுமா? எந்தக் கபடிக்காரியின் உடம்பு இந்தக் குரலுக்குக் கட்டாமல் இருக்கும்? கால் கட்டைவிரலிலிருந்து உச்சந்தலை வரை அத்தனையும் பூட்டிக்கொண்டது. மிஷின் தள்ள, மாஸ்க் முகத்தை விட்டு எழும்ப, அலாரம் அலற, ரெஜினா சிஸ்டருக்கு வந்ததே கோபம். “சார்! என்ன சார் நீங்க! மூச்ச விடச் சொல்லிக் கூப்புட்டா அடக்கச் சொல்றீங்க!” தர்மராஜ் வெலவெலத்துப் போனார். காகிதத் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்தது. திரையைப் பார்த்தார், அது அவருக்குப் புரியவில்லை. பிறகு ஜெபக்கனியின் முகத்தைப் பார்த்தார், கழுத்து நரம்பைப் பார்த்தார், நடுங்குகிற உதட்டின் அசைவைப் பார்த்தார். ஜெபக்கனி அவர் பார்ப்பதைப் பார்த்தாள். கண்ணோரம் கறுத்துக்கொண்டு வந்தது, கபடிகபடி, மாரீஸ்வரியின் பிடி கணுக்காலில் இறுகியது, கபடி, இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா, விட்டால் அவுட்டு, அவுட்டென்றால் குழாய், குழாயென்றால் கட்டின கை, கபடி, கோடு எங்கே, கோட்டைக் காணோமே. பயம் முழுசாக வந்துவிட்டது. இத்தனை நேரம் ஆட்டமாக இருந்தது ஆட்டமாக இல்லை, திரும்பி வருகிற வழி தெரியவில்லை.

அப்போது தர்மராஜ் தரையில் முழங்காலிட்டார். வயசான முழங்கால் நொடுக்கென்று சத்தம் போட்டது. முகத்தை அவள் வாயருகே கொண்டுவந்து, அன்று குனிந்த மாதிரியே குனிந்து, காதைத் திருப்பி வைத்தார். ஒரு நொடி கேட்டார். கேட்டவர் நிமிர்ந்து, வெள்ளை விரிப்பில் அவள் கைக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலை அழுத்தி நீளமாக ஒரு கோடு இழுத்தார். விரிப்பு மடிந்து கோடு பதிந்தது. ஜெபக்கனி கண்ணைச் சாய்த்துப் பார்த்தாள். நடுக்கோடு! அவர் அவள் உள்ளங்கையைத் தூக்கி, ஊசி அசையாமல் மெல்லத் தூக்கி, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினார். “தொட்டாச்சு” என்றார். இப்போது கத்தவில்லை. குரல் நடுவர் குரலாக இருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாத குரல். “கோட்டத் தொட்டுட்ட. பாடு முடிஞ்சுட்டு. ஒனக்குத்தான் புள்ளி. பாட்ட நிறுத்து ஜெபா, மூச்ச விடு.” இன்னொரு கையை அவள் பக்கமாக நீட்டி ஒரு விரலைக் காட்டினார்.

அந்த விரலைப் பார்த்தாள். தீர்ப்பு வந்துவிட்டது. இந்த ஆள் வாயிலிருந்து பொய் வராது, அது அவளுக்குத் தெரியும், உலகத்தில் வேறெது தெரியாவிட்டாலும் அது தெரியும். தொட்டாச்சென்றால் தொட்டாச்சு. கணுக்காலை யாரோ விட்டார்கள். முதலில் விரல்கள் அவிழ்ந்தன, அப்புறம் தோள், அப்புறம் தொண்டையில் எங்கேயோ இருந்த கொக்கி, கடைசியில் வயிறு. எத்தனையோ காலமாக உள்ளே வைத்திருந்த மாதிரி ஒரு மூச்சு வெளியே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. போய் முடிந்ததும் மிஷின் மெதுவாக அடுத்ததைக் கொடுத்தது. இவள் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். விட்டாள். திரும்பவும் கொடுத்தது. அட, இது எதிராளியே இல்லையே! பக்கத்தில் நின்று கையைக் கோர்த்துக்கொண்டிருக்கிற சொந்த அணிக்காரியோடா இத்தனை நேரம் மல்லுக்கட்டினேன்? எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் விசில் ஊத மாட்டார்கள். ஒன்று, இன்னொன்று, அதற்கு மேலும் ஒன்று. சந்தோஷத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மாஸ்க் விளிம்பில் தேங்கியது. இதயம், பாவம், ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு ஓரமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டது. அலாரம் எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியவில்லை. “அப்பிடித்தான் டீச்சர், அப்பிடித்தான்” என்று ரெஜினா சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தாள். தர்மராஜ் முழங்காலிலிருந்து எழவே இல்லை.

மதியம் தாண்டி டாக்டர் ஃபர்சானா வந்து எண்களைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். “இனி கொஞ்ச நேரம் மாஸ்க்குக்கு லீவு. மூக்குல ஒரு குழாய் வெப்போம், வெதுவெதுன்னு காத்து வரும். சாயங்காலம் திரும்ப மாஸ்க், ராத்திரியும் மாஸ்க். இப்போதைக்குத் தொண்டைக் குழாய்க்கு வேலை இல்ல டீச்சர்.” மாஸ்க் கழன்றது. மூக்குத் தண்டில் பதிந்த பள்ளத்தைச் சிஸ்டர் தடவிக்கொடுத்தாள், நனைத்த பஞ்சால் உதட்டை ஒற்றினாள். அந்த ஒரு சொட்டு ஈரம் பதநீரை விட இனித்தது. வாய் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, பேச வேண்டியதுதான். அடுப்படி ஜன்னல், நாய்ச் சோறு, கபடிப் பிள்ளைகள், எல்லாம் வரிசையில் நின்றன. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்தது. ஜெபக்கனி கண்ணால் கூப்பிட்டாள். தர்மராஜ் காதை அவள் வாயருகே கொண்டுவந்தார்.

“அன்னைக்கும்,” மூச்சு, “தொட்டேன்லா?”

குரல் கரகரவென்று, யாருடையதோ மாதிரி இருந்தது. தர்மராஜ் நிமிர்ந்தார். ஏதோ ஜெபமோ கடைசி ஆசையோ என்று நினைத்து ரெஜினா சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அங்கியின் கையால் கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார். வேறு எவனாக இருந்தாலும் இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருப்பான்.

“தொட்ட,” என்றார் தர்மராஜ். “ஆனா அதுக்கு முன்னாலயே பாட்டு நின்னுட்டு. அன்னைக்கு அவுட்டுதான்ட்டி.”

ஜெபக்கனிக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது, என்ன அருமையான கோபம்! அதோடு ஏறிவந்தது சிரிப்பு. கோட்டைத் தொட்டாச்சென்று காலையில் இவர் சொன்னது அப்படியானால் நிஜம்தான், நூற்றுக்கு நூறு நிஜம். “பொய்,” என்றாள். மூச்சு எடுத்துக்கொண்டாள். “ஒங்களுக்கு அப்பமே,” இன்னொரு மூச்சு, “காது கேக்காது.” சிஸ்டர் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். எல்லா எண்ணும் ஒழுங்காகத்தான் இருந்தது. “இன்னும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி அடுத்த மூச்சை இழுத்துக்கொண்டாள்.